கடலுக்குள்ளே ஒரு கண்ணாடி ஜன்னல்!

அரையாண்டுத் தேர்வு முடியப் போகிறது. லீவுக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறதா? அத்தை வீடு, பாட்டி ஊர், ஊட்டி என்று பட்டியல் நீள்கிறதா? இந்த முறை நீங்களே ஒரு யோசனை சொல்லுங்கள் குட்டீஸ். "அப்பா, கடலுக்குள்ளே எட்டிப் பார்க்கப் போகலாமா?" என்று கேளுங்கள்.

கப்பலில் ஏறி மேலேயிருந்து பார்ப்பது இல்லை. முகத்தில் கண்ணாடி, வாயில் ஒரு குழாய். அப்படியே நீரில் குப்புற மிதக்க வேண்டியதுதான். உங்களுக்குக் கீழே பவளப்பாறைத் தோட்டம். அதில் மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று மீன் கூட்டம். இதற்குப் பெயர்தான் ஸ்நார்கெலிங். ஆழத்துக்குப் போகத் தேவையில்லை. முதுகில் காற்று உருளையும் தேவையில்லை.

சரி, உடனே பெட்டியைக் கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். கடல் பயணத்துக்குத் திட்டம் வேண்டும். அந்தத் திட்டத்தில் பாதி வேலையை நீங்களே செய்யலாம். எப்படி என்று பார்ப்போம், வாருங்கள்.

எங்கே? எப்போது?

நமக்குப் பக்கத்தில் இருக்கும் வெப்பமண்டலத் தீவுகள் அந்தமான். சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் சுமார் இரண்டே கால் மணி நேரம்தான். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். கடல் வழியே தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர்.

பழைய புத்தகங்களைப் புரட்டும்போது பெயர்களில் குழப்பம் வரலாம். போர்ட் பிளேயர் நகரின் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. ஹேவ்லாக் தீவு 2018-ல் சுவராஜ் தீவு ஆனது. நீல் தீவு அதே ஆண்டில் ஷாகீத் தீவு ஆனது. ஆனாலும் பழைய பெயரைச் சொன்னால்தான் பலருக்குச் சட்டென்று புரிகிறது.

இனி, எப்போது போவது? அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மே மாதத்தில் ஆரம்பிக்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். மழை பெய்தால் காட்டிலிருந்து சேறும் மண்ணும் கடலில் வந்து கலக்கும். அலையும் அடியில் கிடக்கும் மணலைக் கிளப்பி விடும். தண்ணீர் கலங்கிப் போனால் மீனாவது, பவளமாவது! ஒன்றும் தெரியாது.

டிசம்பர் கடைசியில் மழை குறையத் தொடங்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நாம் இங்கே மார்கழிக் குளிரில் போர்வையை இழுத்து மூடும்போது, அங்கே கடல்நீர் 27, 28 டிகிரி வெப்பத்தில் இதமாக இருக்கும்.

ஒரு நாள் கையிருப்பு!

இது மிக முக்கியம். 2016 டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? அந்தமான் அருகே புயல் சின்னம் உருவானது. பலத்த காற்றும் மழையும் வீச, படகுகள் நின்றுபோயின. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை அழைத்து வந்தன. அந்தப் புயல் எது தெரியுமா? சில நாள் கழித்துச் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த 'வர்தா'தான் அது!

ஆகவே, திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே ஹேவ்லாக்கிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு வந்துவிட வேண்டும். கடைசி நாள் காலையில் படகு பிடித்து, மதியம் விமானம் ஏறும் திட்டம் வேண்டாம். கடல் நம் டைம்டேபிளைப் பார்த்து நடக்காது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் கூட்டம் அலைமோதும். படகு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

காலண்டரைக் கிழிக்காதீர்கள்!

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் இருக்கிறதே, அது கடலைப் பற்றியும் ஜோசியம் சொல்லும். எப்படி?

கடல் மட்டம் ஒரு நாளில் இருமுறை ஏறி, இருமுறை இறங்கும். நிலவும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதால் இது நடக்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இரண்டும் சேர்ந்து இழுக்கும். அப்போது ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். நீரோட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு. முதல் முறை கடலில் இறங்குபவர்களுக்கு அந்த நாட்கள் சௌகரியம்.

நீர் ரொம்பவும் வற்றிய நேரத்தில் இறங்கினால் பவளம் வயிற்றில் உரசும். நமக்கும் காயம், பவளத்துக்கும் சேதம். எனவே நீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 8 மணி என்றால், நாளை ஏறக்குறைய 8.50. நோட்டில் கணக்குப் போட்டு வையுங்கள். படகுக்காரரிடம் கேட்டு உங்கள் கணக்கு சரியா என்று பாருங்கள்.

இன்னொரு ஆச்சரியம். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. ஆனால் கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதனால் அங்கே டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்! எட்டு மணி வரை தூங்கினால் பாதிப் பகல் போச்சு. காலையில் சீக்கிரம் எழுந்து, சீக்கிரம் கடலில் இறங்குங்கள்.

கண்ணாடி எதற்கு?

தண்ணீருக்குள் வெறும் கண்ணைத் திறந்தால் எல்லாமே மங்கலாகத் தெரியும். காற்றிலிருந்து கண்ணுக்குள் நுழையும் ஒளி நன்றாக வளைந்து, விழித்திரையில் குவிகிறது. நீரிலிருந்து நுழையும் ஒளி அந்த அளவு வளைவதில்லை. அதனால் சரியாகக் குவிவதில்லை. கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்று இருந்தால் இந்தப் பிரச்னை தீர்ந்தது. முகக்கண்ணாடி செய்வது அதைத்தான்.

ஆனால் அது ஒரு வேடிக்கையும் செய்யும். 4 மீட்டர் தூரத்தில் இருக்கும் மீன் 3 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். அளவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். "இவ்வளவு பெரிய மீன்!" என்று கையை விரித்துக் கதை சொல்லும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

முகக்கண்ணாடி பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்களுக்கான அளவு. ஓரத்தில் ஒரு கற்றை முடி மாட்டினால்கூடத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். பெரியவர்களின் கண்ணாடியை உங்களுக்கு மாட்டி, பட்டையை இறுக்கினால் சரியாகாது. சிறுவர் அளவுதான் வேண்டும். பார்வைக் குறைபாட்டுக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு, பவர் உள்ள முகக்கண்ணாடியும் கிடைக்கிறது.

குழாய் ஏன் இவ்வளவு குட்டை?

"நீளமான குழாய் வைத்துக்கொண்டால் ஆழத்திலேயே நடந்து போகலாமே?" நல்ல கேள்வி! ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 100 கிராம் எடைக்குச் சமமான நீர் அழுத்தும். உங்கள் நெஞ்சு 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 சதுர செ.மீ. அப்படியானால் அழுத்தும் எடை 50 கிலோ! நெஞ்சின்மேல் இரண்டு 25 கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு மூச்சை இழுக்க முடியுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் வெளியே விடும் கெட்ட காற்று நீளக் குழாயிலேயே தங்கிவிடும். திரும்பத் திரும்ப அதையே சுவாசிக்க வேண்டி வரும். அது ஆபத்து. அதனால்தான் குழாய் குட்டையாக இருக்கிறது. சிறுவர்களின் குழாய் இன்னும் குட்டை, இன்னும் ஒல்லி. குழாயை ஒட்டி நீட்டும் விஞ்ஞான ஆராய்ச்சி எதுவும் செய்துவிடாதீர்கள்!

வீட்டிலேயே ஒத்திகை

கடலில் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள். பக்கத்தில் நீச்சல் குளம் இருந்தால் நீச்சல் வகுப்பில் சேருங்கள். இடுப்பளவு நீரில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, இந்த நான்கையும் பழகுங்கள்.

1. வாயால் மட்டும் மூச்சு விடுவது. மூக்கு கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கும். முதலில் பயமாகத்தான் இருக்கும். தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தபடியே பழகினால் பயம் போய்விடும்.

2. குழாயில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது. 'ஃபூ' என்று பலமாக ஒரே ஊது! பலரும் பதற்றத்தில் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடுவார்கள். ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். ஊதிய பிறகே இழுக்க வேண்டும்.

3. கண்ணாடிக்குள் நீர் வந்தால் பதறாமல் தலையைத் தூக்கி, கீழ் ஓரத்தை லேசாகத் திறந்து வடிப்பது.

4. குப்புற மிதந்து, களைத்தால் மல்லாந்து ஓய்வெடுப்பது.

கண்ணாடியில் பனி படர்ந்து மறைக்காமல் இருக்க ஒரு பழைய வித்தை உண்டு. உள்பக்கம் எச்சிலைத் துப்பித் தேய்த்து, நீரில் அலசினால் போதும். உவ்வே என்கிறீர்களா? உலகமெங்கும் முத்துக்குளிப்பவர் முதல் கடல் விஞ்ஞானி வரை செய்வது இதுதான்!

வீசிங் தொந்தரவு உள்ளவர்கள், காதில் வலி உள்ளவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். சளி பிடித்திருக்கும் நாளில் கடலில் இறங்க வேண்டாம்.

இறங்க நல்ல இடங்கள்

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் வண்டூர் இருக்கிறது. அங்கே 1983-ல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்வாழ் தேசியப் பூங்கா உண்டு. அதிலுள்ள ஜாலி பாய் தீவுக்குப் படகில் போகலாம். பொதுவாக நவம்பர் முதல் மே வரை ஜாலி பாய் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் அதற்கு ஓய்வு, பக்கத்திலுள்ள ரெட் ஸ்கின் தீவு திறக்கும். பள்ளிக்கூடம் போல லீவு விடுகிறார்கள்! அங்கே பிளாஸ்டிக்குக்குக் கண்டிப்பான தடை. பையைச் சோதித்துத்தான் படகில் ஏற்றுவார்கள். அனுமதிச் சீட்டும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

ஹேவ்லாக்கில் யானைக் கடற்கரை என்று ஓர் இடம். காட்டில் மரம் இழுக்க யானைகளைப் பயன்படுத்திய காலம் ஒன்று அங்கே இருந்தது. ஹேவ்லாக்கில் வாழ்ந்த ராஜன் என்ற யானை, கடலில் நீந்தியே உலகப் புகழ் பெற்றது. 2016-ல் அது இறந்துவிட்டது. யானை நீந்திய கடலில் நாமும் மிதக்கலாம், ஆனால் லைஃப் ஜாக்கெட்டோடு!

ஓர் எச்சரிக்கை. அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. கழிமுகம், அலையாத்திக் காடு உள்ள இடங்களில் அவை நடமாடும். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால்கூட நனைக்கக் கூடாது. "யாருமே இல்லை, அமைதியா இருக்கு" என்று எந்தக் கடற்கரையிலும் இறங்கிவிடாதீர்கள். உயிர்காப்பாளரும் வழிகாட்டியும் இருக்கும் இடமே நம் இடம்.

யார் யாரைச் சந்திப்பீர்கள்?

கோமாளி மீன்: ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. கடல் சாமந்தியின் கொட்டும் கரங்களுக்குள் ஒளிந்து வாழும். மற்ற மீன்களுக்கு அது விஷம், இதற்கோ வீடு.

கிளிமீன்: கிளி மூக்குப் போன்ற வாயால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்னும். கொஞ்சம் அமைதியாக இருந்தால் 'கறுக் முறுக்' சத்தம்கூடக் கேட்கும். தின்ற பாறைத் துகளை மணலாக வெளியேற்றும். வெள்ளை மணல் கடற்கரையில் ஒரு பங்கு கிளிமீன்கள் போட்டது!

வண்ணத்துப்பூச்சி மீன்: சில வகைகளுக்கு வால் பக்கம் ஒரு பொய்க் கண் இருக்கும். எதிரி, தலை எது, வால் எது என்று ஏமாந்துபோகும்.

பவளம்: அட, இதுவும் ஓர் உயிரினமா? ஆமாம்! பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. அது விலங்கு. குண்டூசித் தலை அளவிலிருந்து தொடங்கும் குட்டி உயிர்கள் லட்சக்கணக்கில் கூடி, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கும். பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்துத் தரும்; பவளம் அதற்கு வாடகை வாங்காமல் இடம் தரும். பவளத்துக்கு வண்ணம் கொடுப்பதிலும் இந்தப் பாசிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரே ஓர் உதை!

பந்து வடிவப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஓர் அடி உயரம் வளர சுமார் 30 ஆண்டு. உங்கள் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது வளர ஆரம்பித்த பவளத்தை, நீங்கள் காலால் ஒரே ஓர் உதை விட்டால் உடைத்துவிடலாம். அதனால்தான் பவளத்தின்மேல் நிற்கக் கூடாது, பிடிக்கக் கூடாது என்கிறார்கள்.

கடல் ரொம்பவும் சூடானால் பவளம் தன் பாசிகளைத் துரத்திவிடும். வண்ணம் போய் வெள்ளெலும்பு மாதிரி ஆகிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லையென்றால் பட்டினியில் சாகும். அந்தமானில் 2010-லும் 2016-லும் இப்படிப் பெரிய அளவில் நடந்தது. 2024 ஏப்ரலில், உலகம் முழுவதும் பவளப்பாறைகள் வெளுக்கும் நிகழ்வு நான்காவது முறையாக நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஆக, அங்கே நீங்கள் வெள்ளையாக நிற்கும் பவளத்தையும் பார்க்கலாம். அழகு என்று நினைத்துவிடாதீர்கள். அது காய்ச்சல்கார நோயாளி!

நம்மால் என்ன செய்ய முடியும்? சில சன் ஸ்கிரீன் களிம்புகளில் உள்ள ரசாயனம் பவளத்தைப் பாதிக்கிறது. அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் 2021 முதல் அப்படிப்பட்ட இரண்டு ரசாயனங்கள் கலந்த களிம்புகளை விற்கத் தடை. அதைவிட எளிய வழி: முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். குப்புற மிதக்கும்போது வெயில் முதுகில்தான் காயும். சட்டை இருந்தால் தோலுக்கும் பாதுகாப்பு, பவளத்துக்கும் பாதுகாப்பு.

சிப்பி, சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். பவளம் எடுத்து வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். மேலும், காலிச் சங்கு காலி இல்லை. நாளை ஒரு துறவி நண்டு குடிவர வேண்டிய வீடு அது!

நீரில் இருக்கும்போது...

* தனியே போகக் கூடாது. ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

* கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினால் 'நான் நலம்' என்று அர்த்தம். கையை உயர்த்தி ஆட்டினால் 'உதவி தேவை'. சும்மா விளையாட்டுக்கு ஆட்டாதீர்கள்.

* நீர், காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சும். இதமான நீரிலும் அரை மணி நேரத்தில் குளிர் எடுக்கலாம். பல் தந்தியடித்தால், உதடு நீலமானால் உடனே கரைக்கு வந்து, துவட்டிக்கொண்டு, வெதுவெதுப்பாக எதையாவது குடியுங்கள்.

* 'யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது' என்ற போட்டி வேண்டவே வேண்டாம். தண்ணீருக்குள் மயக்கம் வந்தால் கத்தக்கூட முடியாது.

* பயமாக இருக்கிறதா? "எனக்குப் பயமா இருக்கு, போதும்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது கோழைத்தனம் இல்லை. அடிப்பாகம் கண்ணாடியால் ஆன படகில் உட்கார்ந்தும் அதே மீன்களைப் பார்க்கலாம். நாளைக்கு மறுபடி முயற்சி செய்யலாம்.

அந்தமான் போக முடியாதவர்களுக்கு...

எல்லாராலும் அந்தமான் போக முடியாதுதான். வருத்தம் வேண்டாம். நம் ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோரத்திலேயே பவளப்பாறை இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் இரண்டு தீவுகள் இப்போது நீருக்கடியில்! சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அலையைத் தடுத்து நிற்கும் சுவர் போனால், தீவு மட்டும் எப்படி நிற்கும்?

அந்தமானின் மாநில விலங்கான கடற்பசு, நம் பாக் விரிகுடாவிலும் வாழ்கிறது. அதற்காக 2022-ல் தமிழக அரசு ஒரு தனிப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. ஆக, அந்தமான் கடலுக்கும் நமக்கும் சொந்தம் உண்டு.

சரி குட்டீஸ், இன்றே ஒரு நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமித் தேதிகள். அடுத்த பக்கத்தில் பையில் வைக்க வேண்டியவை: சிறுவர் அளவு முகக்கண்ணாடி, குழாய், முழுக்கைச் சட்டை, துண்டு, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், படகில் குமட்டாமல் இருக்க இஞ்சி மிட்டாய். மூன்றாம் பக்கத்தைக் காலியாக விடுங்கள். நீங்கள் பார்க்கப் போகும் மீன்களை வரைய இடம் வேண்டாமா?

திரும்பி வரும்போது உங்கள் பையில் ஒரு சிப்பிகூட இருக்காது. ஆனால் அந்த மூன்றாம் பக்கம் நிறைந்திருக்கும்!